பல்புக்குத் தனிக்குடித்தனம்

எனக்கென்று ஓர் அறை இருந்தது. 'இருந்தது' என்றுதான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

பெரிய அறை இல்லை. வீட்டின் பின்பக்கம், சமையலறையைத் தாண்டி, ஒற்றை ஜன்னலோடு ஒரு பொந்து. அதில் ஒரு சாய்வு நாற்காலி. தலைக்கு மேலே பலகையில் ரவுட்டர். வெளியிலிருந்து இணையக் கம்பி வந்து சேர்வது அந்தச் சுவரில்தான் என்பதால், வீட்டிலேயே அங்கேதான் இணையம் கொழுகொழுவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு நாற்காலியில் சாய்ந்து, டேப்லெட்டில் ஏதாவது பழைய கால்பந்து ஆட்டத்தைப் போட்டு மடியில் வைத்துக்கொள்வேன். முதல் கோல் விழுவதற்குள் நான் விழுந்துவிடுவேன். யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் கேட்காது. ஒரு மனிதன் உயிர் வாழ இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்.

என் மனைவிக்கும் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதே அறை.

அவள் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். ஜன்னலுக்கு, கதவுக்கு, பள்ளிக்கூட மேடைக்கு, மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி மறைப்பதற்கு. வேலை நறுவிசாக இருக்கும். அதனால் ஆர்டர் குறையாது. தைப்பது சாப்பாட்டு மேஜையில். துணி மேஜையிலிருந்து வழிந்து ஹால் முழுக்க ஓடும். சாப்பாட்டு நேரம் வந்தால் மிஷினைத் தூக்கித் தரையில் வைப்பாள். தட்டுகளைக் கழுவிய பிறகு மறுபடி தூக்கி மேஜையில் வைப்பாள். பழைய இரும்பு மிஷின், லேசில் அசையாது. ஒருநாள் நான் ரொட்டியைக் கடித்தபோது பல்லில் குண்டூசி தட்டியது.

அன்றைக்குத்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தப் பின் ரூம எனக்குக் குடுத்துடுங்களேன். மிஷினு ஒரே இடத்துல கிடக்கும். தினம் தூக்கித் தூக்கி இடுப்பே விட்டுப் போகுது."

"பார்க்கலாம்."

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? வாரத்துல ஒரு நாள் தூங்கறதுக்கு ஒரு ரூமா?"

"தூங்கறேன்னு யார் சொன்னது? ஆட்டம் பார்க்கறேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"பார்க்கலாம்னு சொன்னேன்ல!"

'பார்க்கலாம்' என்பது என் தொழில் வார்த்தை. நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களை நிராகரிக்கக் காரணம் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. மழையில் கார் மூழ்கிவிட்டது என்று ஒருவர் எழுதினால், மழை பெய்யும்போது கார் ஏன் வெளியே நின்றது என்று திருப்பி எழுதுவேன். கார் உள்ளேதான் நின்றது என்றால், உள்ளே ஏன் மழை பெய்தது என்று எழுதுவேன். மேலதிகாரியே என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார். ஊரில் உள்ளவர்களின் விண்ணப்பங்களையெல்லாம் நிராகரித்த எனக்கு, வீட்டில் இந்த ஒரே ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கக் காரணம் கிடைக்கவில்லை. 'முடியாது' என்று நேரே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், அவ்வளவுதான். அதைச் சொல்லத் திராணி இல்லாமல்தான் இத்தனை வினையும்.

காரணம் அலுவலகத்திலேயே வந்து சேர்ந்தது. இணையப் பாதுகாப்பு பற்றிப் பேச ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒல்லியான ஆள், பெரிய கண்கள். மைக்கைப் பிடித்ததும் கேட்டார்: "உங்கள் வீட்டு பல்பை நீங்கள் நம்புகிறீர்களா?"

எல்லோரும் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினார்கள்.

விஷயம் இதுதான். இப்போது பல்பு, கேமரா, தரை கூட்டும் ரோபோ எல்லாமே வீட்டு இணையத்தில் சேர்ந்துகொள்கின்றன. இவற்றின் பூட்டு சொத்தைப் பூட்டு. திருடன் பல்பு வழியாக உள்ளே நுழைந்தால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர் வரை போய் வங்கிக் கணக்கைத் தடவிவிடலாம். ஆகவே நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். வெளிக் கம்பி முதலில் ஒரு ரவுட்டருக்குப் போகட்டும், அது பொருள்களுக்கு. அதிலிருந்து ஒரு கம்பி இழுத்து உள்ளே இரண்டாவது ரவுட்டர், அது மனிதர்களுக்கு. வெளித் திண்டாட்டம் வெளியோடு போய்விடும். பெரிய செலவும் இல்லை, யார் வீட்டிலாவது தூங்கும் பழைய ரவுட்டர் ஒன்று போதும் என்றார்.

மற்றவர்கள் பிஸ்கட்டுக்குத் திரும்பினார்கள். எனக்கு மட்டும் உள்ளே விளக்கு எரிந்தது. வெளிக் கம்பி வந்து சேர்வது எங்கே? என் அறையில்! அந்த அறை பாதுகாப்புத் தலைமையகம் ஆகிவிட்டால், அங்கே தையல் மிஷின் எப்படி நுழையும்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, கீழே என் கையெழுத்து!

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தேன். "இதோ பாரு. இன்னையிலேர்ந்து நம்ம வீட்ட ரெண்டாப் பிரிக்கப் போறேன்."

அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "ஏன், உங்க தம்பி பாகம் கேக்கறாரா?"

"சொத்து இல்ல, நெட்வொர்க்கு! பல்பு, கேமரா, ரோபோ எல்லாம் ஒரு பக்கம். நம்ம போனு, கம்ப்யூட்டர் எல்லாம் இன்னொரு பக்கம். இவங்க அவங்களோட பேசக்கூடாது."

"என்ன சண்டை?"

"சண்டை இல்லம்மா, பாதுகாப்பு. பல்பு வழியாத் திருடன் வருவான்."

"அவ்வளவு ஒல்லியான திருடனா?"

"சிரிக்காதே. பல்பத் தனியா வச்சுட்டா நமக்கு நிம்மதி."

"ஓகோ. பல்பத் தனிக்குடித்தனம் வைக்கறீங்க."

"அப்படியே வச்சுக்கோ."

"நாம தனிக்குடித்தனம் வரணும்னு உங்கம்மாகிட்ட சொல்லவே உங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு. பல்புக்கு ஒரே நாள்ல முடிவெடுத்துட்டீங்களே!"

அலுவலகத்தில் பழகிய வழக்கம், பாதகமான கேள்விக்குப் பதில் அனுப்புவதில்லை. நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"அதனால பின் ரூம்தான் இனிமே கட்டுப்பாட்டு அறை. அங்க நூலு, பஞ்சு, தூசி எதுவும் வரக்கூடாது. உள்ள போயி அடைச்சா ரவுட்டர் மூச்சு முட்டிச் செத்துடும். என்னால முடிஞ்சா உனக்குக் குடுக்க மாட்டேனா? நிலைமை அப்படி."

சண்டைக்குத் தயாராக நின்றேன். வாதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

"சரிங்க," என்றாள்.

என் மனைவியின் 'சரி'யில் பல ரகம் உண்டு. சமையலறையிலிருந்து 'சரி சரி' என்று வந்தால் நான் சொன்னது காதில் விழவில்லை என்று அர்த்தம். 'சரி விடுங்க' என்றால் சாயங்காலம் கச்சேரி இருக்கிறது. ஆனால் மரியாதையாக, முகம் மலர்ந்து, 'சரிங்க' என்று வந்தால் புத்தியுள்ளவன் ஊரைவிட்டே ஓடிவிடுவான். நான் ஓடவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்து, பழைய ரவுட்டர் தேடி மாடிக்கு ஓடினேன்.

மாடி வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார். அவர் வீட்டில் நடக்க வேண்டுமானால் நத்தை மாதிரி சுவரோடு ஒட்டித்தான் போக வேண்டும்.

"பழைய ரவுட்டர் ஒண்ணு இருக்கு சார்," என்று கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். "வேலை செய்யுமான்னு மட்டும் கேக்காதீங்க. லிஃப்ட்டா இருந்தா மேல போகுதா, கீழ வருதான்னு பார்த்துச் சொல்லிடுவேன். இது எங்க போகுது, எங்க வருதுன்னு யாருக்குத் தெரியும்?"

அதற்கு இரண்டு ஆன்டெனா. ஒன்று ஒடிந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது.

"ஒரு காது கேக்காது சார். இன்னொண்ணு கொஞ்சம் கேக்கும்."

"சும்மா வாங்கிக்கிட்டா எனக்கு உறுத்தும். பதிலுக்கு என் வீட்லேர்ந்து எது வேணும்னாலும் கேளுங்க, தர்றேன்."

"அட, நமக்குள்ள என்ன சார்! பார்த்துக்கலாம்."

வீட்டுக்குள் வேலை மும்முரமாக நடந்தது. நல்ல ரவுட்டரைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுபோனேன், மனிதர்களுக்காக. ஒற்றைக் காதுக்காரனை என் அறைப் பலகையில் உட்கார வைத்தேன், பொருள்களுக்காக. இரண்டுக்கும் நடுவே சுவரோரமாகக் கம்பி இழுத்து ஆணி அடித்தேன். ஆணி அடித்ததில் என் விரலும் அடங்கும். பிறகு ஸ்டிக்கர் ஒட்டினேன். மனிதர் பக்கத்துக்குப் பச்சை, பொருள் பக்கத்துக்குச் சிவப்பு. எல்லாம் முடிந்ததும் பெருமையாகப் போனைத் திறந்து ஹால் பல்பைத் தேடினேன்.

பல்பைக் காணவில்லை. வாசல் கேமராவைக் காணவில்லை. ஒற்றைக் காதுக்காரனின் சிக்னல் என் அறையைத் தாண்டி, சமையலறை வாசல் வரை போய், அங்கேயே களைத்து உட்கார்ந்துவிட்டது. ரோபோவைத் தேடினேன். 'சாதனம் கிடைக்கவில்லை' என்றது போன். கட்டிலுக்கு அடியில், சோபாவுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் குனிந்து பார்த்தேன். அது ஹாலில் எனக்குப் பின்னாலேயே கூட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க தேடறீங்க?"

"ரோபோவ."

"திரும்பிப் பாருங்க."

வேறொருவனாக இருந்தால் அன்றே தோல்வியை ஒத்துக்கொண்டிருப்பான். நான் வேறு விதமாக யோசித்தேன். சிக்னல் பொருள்களிடம் போகாவிட்டால் பொருள்கள் சிக்னலிடம் வரட்டும். ஹால் பல்பைக் கழற்றி என் அறையில் மாட்டினேன். ரோபோவை அங்கேயே நிறுத்தினேன். வாசல் கேமராவைக் கழற்றி வந்து, அதை வைக்க வேறு இடம் இல்லாததால் நாற்காலிக்கு எதிரே ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

"வாசல் கேமரா உள்ள இருந்தா வாசல யார் பார்க்கறது?" என்றாள்.

"முதல்ல பாதுகாப்பு. அப்புறம்தான் வாசல்."

"சரிங்க."

இரண்டாவது 'சரிங்க'. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பதில் எனக்கு வெறி பிடித்துவிட்டது. எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவளும் கூடவே நடந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள், படிக்கிற பிள்ளை மாதிரி.

"ஏங்க, மைக்ரோவேவ் அடுப்பு எந்தப் பக்கம்?"

"சிவப்பு."

"அதுக்கு இணையமே கிடையாதே?"

"இன்னைக்கு இல்ல. அதுல திரை இருக்கு பாரு, மணி காட்டுதுல்ல? திரை இருக்கிற எதையும் நம்பக்கூடாது. எப்ப வேணாலும் பேச ஆரம்பிக்கும்."

"எடை பார்க்கற மிஷினு?"

"திரை இருக்கா?"

"இருக்கு."

"சிவப்பு. பின் ரூமுக்குக் கொண்டா."

"அப்ப நான் தைக்கற திரையையும் நம்பக்கூடாதா?"

"விளையாடாதே!"

அவள் விளையாடவில்லை. அந்தக் கேள்விகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அளவெடுத்திருக்கிறாள். அவள் தொழிலே அளவெடுப்பதுதானே? என் மூளையின் நீள அகலத்தை எடுத்துக்கொண்டு, எங்கே மடிக்கலாம், எங்கே வெட்டலாம் என்று பார்த்திருக்கிறாள். நான் என்னை ஆசானாக நினைத்துக்கொண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டேன். தலைமையகத்துக்குப் போனேன். நாற்காலியில் சாய்ந்தேன். டேப்லெட்டைத் திறந்தால் வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மனிதர்களின் இணையம் ஹாலில் இருக்கிறது, சுவரைத் தாண்டி என் அறைக்கு வரவில்லை. வீட்டிலேயே இணையம் கொழுத்திருந்த இடத்தில் இப்போது மனிதனுக்கு ஒரு பருக்கை இல்லை. பக்கத்திலேயே பொருள்களின் இணையம் தாராளமாக ஓடுகிறது. யார் பார்க்கப் போகிறார்கள்? டேப்லெட்டைச் சத்தமில்லாமல் அதில் சேர்த்துவிட்டேன். ஆட்டம் ஓடியது. நான் விழுந்தேன்.

"ஏங்க, வாய மூடிட்டுத் தூங்குங்க. கொசு போயிடும்."

திடுக்கிட்டு விழித்தேன். அறையில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

"இங்க பாருங்க, ஜன்னல்ல."

கேமரா பேசியது. என் மனைவியின் குரலில் பேசியது. வாசலில் வருகிறவர்களோடு பேசுவதற்காக அதில் ஸ்பீக்கர் உண்டு என்பதை நான் மறந்துவிட்டேன். அவள் போனிலும் அந்தக் கேமராவின் செயலி முதல் நாளிலிருந்தே இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டேன்.

"கட்டுப்பாட்டு அறையில கட்டுப்பாடு பலமாக் குறட்டை விடுதே," என்றது கேமரா. "அது இருக்கட்டும். மடியில இருக்கற டேப்லெட்டு எந்தப் பக்கம்?"

"பச்சை. மனுஷங்க பக்கம்."

"மனுஷங்க இணையம் அங்க வராதே. எப்படி ஆட்டம் ஓடுது?"

நான் டேப்லெட்டைக் கவிழ்த்தேன்.

"அய்யோ! பல்பு வழியாத் திருடன் வந்துட்டா? அதுல நம்ம வங்கிக் கணக்கெல்லாம் இருக்கே!" உண்மையாகவே பதறுகிற குரல். "நீங்கதானே சொன்னீங்க, பொருள் இருக்கற இடத்துல போனு, டேப்லெட்டு எதுவும் வரக்கூடாதுன்னு?"

"சொன்னேன்."

"எனக்காகவா சொன்னீங்க? நம்ம குடும்பத்துக்காகத்தானே?"

நான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய் ஹாலில் வைத்துவிட்டு வந்தேன். வெறும் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கேமரா. பக்கத்தில் எடை மிஷின். தலைக்கு மேலே பகலிலும் எரிகிற பல்பு. கண்ணை மூடினால் யாரோ பார்ப்பது மாதிரியே இருந்தது. தூக்கம் வரவில்லை. ஆனாலும் அறை என்னிடம்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் சோகமாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் வாசலில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. அவள் தன் திரைச்சீலை வருமானத்தில் புதுத் தையல் மிஷின் வாங்கியிருந்தாள். தூக்கிக்கொண்டு வர மாடி வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். வெள்ளை வெளேரென்று மிஷின். மேலே வரிசையாகப் பொத்தான்கள். நடுவே தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "இதுல குட்டியா ஒரு திரை இருக்கே. எந்த ஸ்டிக்கர் ஒட்டறது?"

மெக்கானிக் என்னை மரியாதையோடு பார்த்தார். ஒரு நிபுணனை நாலு பேர், இல்லை, ஒரு ஆள் மரியாதையோடு பார்த்தால் போதும், அவன் கெட்டான்.

"சிவப்பு," என்றேன். "சந்தேகமே வேண்டாம்."

"அப்ப பொருள் பக்கமா?"

"பின்ன?"

"அய்யய்யோ. பொருளெல்லாம் பின் ரூம்ல இல்ல இருக்கணும்? வேணாங்க. அது உங்க ரூமு. நான் இங்கேயே மேஜையில வச்சுத் தைச்சுக்கறேன்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். 'ஆமாம், இங்கேயே இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மேலே பேசினாள்.

"பாதுகாப்பாவது ஒண்ணாவது! உங்க சார் ஏதோ ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து சொல்றாரு," என்று மெக்கானிக்கிடம் சொன்னாள். "அதெல்லாம் சும்மா பேச்சு. ஒரு மிஷினு ஹால்ல இருந்தா என்ன குடி முழுகிடும்?"

சும்மா பேச்சா? எனக்குள் இருந்த காப்பீட்டு ஆள் எழுந்து நின்றுவிட்டான்.

"சும்மா பேச்சா? திரை இருக்கறத மனுஷங்க பக்கத்துல வச்சா என்ன ஆகும் தெரியுமா? ஒரு பொருளுக்கு விலக்கு குடுத்தா எல்லாப் பொருளும் விலக்கு கேக்கும். விதின்னா விதி! இந்த மிஷினு ஹால்ல ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது. பின் ரூமுக்குத்தான் போகணும்!"

"வேணாங்க, பஞ்சு பறக்கும். ரவுட்டர் மூச்சு முட்டுமே."

"அதுக்கு வழி இல்லாமலா போச்சு? காத்துப் போற மாதிரி ஏதாவது மூடி போட்டாப் போச்சு!"

"கொசுவலைத் துணியில ஒரு உறை தைச்சாப் போதுமா?"

"தாராளமாப் போதும்!"

அவள் இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்தாள். கொசுவலைத் துணி. ஒற்றைக் காதுக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஒடிந்த ஆன்டெனாவுக்குக்கூடத் தனியாக ஒரு சின்னப் பை வைத்திருந்தாள்.

"இத எப்ப தைச்ச?"

"போன வாரம்."

எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் அதற்குள் மெக்கானிக், "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அறை பொந்து என்று முதலிலேயே சொன்னேன். மிஷினும் அதோடு வந்த மேஜையும் உள்ளே போனதும் சாய்வு நாற்காலிக்கு இடமில்லை. அதை ஹாலுக்கு இழுத்தார்கள். ஹாலில் துணி மூட்டைகள்.

"இத எங்க போடறது?" என்றாள் அவள், பொதுவாகக் காற்றைப் பார்த்து.

"நான் எடுத்துக்கவா சார்?" என்றார் மெக்கானிக் கூச்சத்தோடு. "ரவுட்டருக்குப் பதிலா எது வேணும்னாலும் கேக்கச் சொன்னீங்களே. எனக்கு முதுகு வலி வேற."

பேசிய வார்த்தையை எப்படி விழுங்குவது? ஒரு காசு செலவில்லாமல் நெட்வொர்க் பிரித்தேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என் நாற்காலி கால்களை மேலே நீட்டிக்கொண்டு படியேறிப் போனது. நான் படிக்கட்டின் கீழே நின்று கடைசிக் கால் மறையும் வரை பார்த்தேன்.

"அப்ப நான் அந்த ரூமுக்கு வரவே கூடாதா?" என்று கேட்டேன்.

"மனுஷங்க வரக்கூடாதுன்னு நான் சொல்லலீங்க."

"நீ மட்டும் மனுஷி இல்லையா?"

"நான் போன ஹால்ல வச்சுட்டுப் போய் வேலை பார்ப்பேன். நீங்க போனு இல்லாம அங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

இதற்கு யாரிடமாவது பதில் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் பிறகும் வந்தன. வரத்தான் செய்யும். ஹாலில் சாப்பாட்டு நாற்காலியில், முதுகு நேராக, துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். கோல்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் ஆட்டத்தின் முடிவு தெரிந்தது. பின்னறையிலிருந்து மிஷின் சத்தம் வந்தது, கூடவே அவள் முனகுகிற பாட்டும். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த இரும்பைத் தினமும் தூக்கி இறக்கும்போது பாடவா வரும்? எனக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கேட்ட அன்றே கொடுத்திருந்தால் நல்லவன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். நாற்காலியும் மிஞ்சியிருக்கும்.

வெட்கம் அரை மணி நேரம் இருந்தது. பொறாமை அதற்கு மேலும் இருந்தது. மாடியிலிருந்து வேறு மெக்கானிக்கின் குறட்டை கேட்டது. என் நாற்காலியில்!

அப்போதுதான் கடைசி யோசனை வந்தது. பொருள் நெட்வொர்க் நின்றுபோனால்? மிஷின் நிற்கும். நின்றால் அவள் என்னைக் கூப்பிடுவாள். 'இந்த அறை மிஷினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஹாலுக்கே போகட்டும்' என்று நிபுணனாகத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். நாற்காலியை நயமாகப் பேசி மீட்டுக்கொள்ளலாம். எழுந்தேன். போனை ஹாலில் வைத்தேன், விதி விதிதானே. பின்னறைக்குள் நுழைந்தேன்.

அவள் மருத்துவமனைத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க?"

"ரவுட்டர் சூடாயிருக்கான்னு பார்க்க வந்தேன்."

உறையைச் சரிசெய்வது மாதிரி தூக்கி, அடியில் கையை விட்டு, ரவுட்டரின் ப்ளக்கைப் பிடுங்கினேன். ஒற்றைக் காதுக்காரனின் விளக்குகள் அணைந்தன. காத்திருந்தேன்.

மிஷின் ஓடியது. நிற்காமல், இடறாமல், ஒரு முழ நீளத்துக்குத் தையல் போட்டுவிட்டு மேலும் ஓடியது.

"மிஷினு ஓடுதே!" என்று கத்திவிட்டேன்.

"ஓடறதுக்குத்தானே வாங்கினேன்?"

"நெட்வொர்க்கு போயிடுச்சு! எப்படி ஓடும்?"

அவள் காலை எடுத்தாள். மிஷின் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், என் கையில் தொங்கிய ப்ளக்கைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"துணி தைக்கிற மிஷினுக்கு எதுக்குங்க நெட்வொர்க்கு?"

"அப்ப அந்தத் திரை?"

"எந்தத் தையல்னு நம்பர் காட்டும். அவ்வளவுதான்."

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? எந்த ஸ்டிக்கர்னு கேட்டேன், ஒட்டினீங்க," என்று மறுபடி மிஷினில் காலை வைத்தாள். "ப்ளக்க மாட்டிட்டு, போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க."